பேண்டு வாசிக்கத்தானே போகிறான்

1

கள்ளக்குறிச்சியிலிருந்து யார் போன் செய்தாலும் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள். "இன்னா ஸ்டெல்லா, உம் மவன் துப்பாக்கி தூக்கவா போறான்? பேண்டு வாசிக்கத்தானே போறான்? அதுக்குப் போயி சோறு எறங்காம கெடக்கிறியாமே?" பெரியம்மா மகள் கேட்டாள். எங்கள் ஊர் வடக்கனந்தல் மாதா கோயிலில் மணியடிக்கும் கோயில் பிள்ளை கேட்டார். என்னோடு பள்ளியில் படித்தவள், பல வருடமாகப் பேசாதவள், அவளும் கேட்டாள். ஆளாளுக்குப் பதில் சொல்லிக் களைத்துப் போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஜெர்மனியின் கிழக்குப் பக்கம், பெரிய ஊர் என்று சொல்ல முடியாத ஓர் ஊரில் இருக்கிறோம். என் கணவர் ஜெயராஜுக்குக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை: குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது. ஒரே மகன் ரூபன். நடக்கப் பழகிய வயதில் தூக்கிக்கொண்டு வந்தோம். நான் தமிழில் கேட்பேன், அவன் ஜெர்மனில் பதில் சொல்வான். முதலில் அதட்டினேன், பிறகு கெஞ்சினேன், பிறகு விட்டுவிட்டேன். ஜெர்மனை விட்டால் அவன் வாயிலிருந்து சரளமாக வந்தது ஒன்றே ஒன்றுதான். அது ட்ரம்பெட்.

இந்த ஊரில் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு உலகப் போரிலும் செத்தவர்களுக்காக எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் கூடுவார்கள். அங்கே ஒரு கல். அதில் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து மூன்று நான்கு தடவை வரும். போன நவம்பரில் நான் எங்கள் இல்லத்துப் பாட்டி ஒருத்தியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். அந்தக் கல்லில் அவள் அப்பாவின் பெயர் இருக்கிறது. அப்பாவின் முகம் அவளுக்கு ஞாபகமில்லை.

ஊர் பேண்டிலிருந்து ரூபன் மட்டும் முன்னால் வந்து தனியாக வாசித்தான். மெதுவான மெட்டு. பனியில் அவன் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தொப்பி போட்டவர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். பாட்டி தேம்பித் தேம்பி அழுதாள். என் கையைப் பிடித்து, "யார் அந்தப் பையன்?" என்று கேட்டாள். "என் மகன்" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ரூபன் சொன்னான்: "அம்மா, நான் ராணுவ பேண்டில் சேரப் போகிறேன்."

2

இங்கே பதினெட்டு வயதாகும் பையன்களுக்கு இப்போது ஒரு கேள்வித்தாள் வருகிறது. ராணுவத்தில் சேர விருப்பமா, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். குடியுரிமை இருப்பவர்களுக்குத்தான் வரும். ரூபனுக்காக அந்தக் குடியுரிமை வாங்க நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. 'எது முதல் பெயர், எது குடும்பப் பெயர்' என்று கேட்டே ஓர் அதிகாரி எங்களை மூன்று பருவம் நடக்க வைத்தார். கடைசியில் ஓர் அம்மா கை குலுக்கி வாழ்த்துச் சொன்னார். ஜெயராஜ் அன்று கேக் வாங்கி வந்தார்.

கேள்வித்தாள் வந்த அன்று ரூபன் தோசை சாப்பிட்டுக்கொண்டே, ஒரு கையால் போனில் பதில் நிரப்பி அனுப்பிவிட்டான். நான் அடுத்த தோசையைத் தட்டில் போட்டபோது வேலை முடிந்திருந்தது.

அந்த மாதமே மாதா கோயிலில் ஓர் அமைதிக் கச்சேரி ஏற்பாடாயிற்று. ரூபனும் வாசிக்கிறான் என்று மேற்பார்வையாளரிடம் விடுமுறை கேட்கப் போனேன். ஜெர்மனில் அமைதிக்கு ஃப்ரீடன். கல்லறைத் தோட்டத்துக்கு ஃப்ரீட்ஹோஃப். இத்தனை வருடம் கழித்தும் அவசரத்தில் எனக்கு நாக்கு புரளும். "மகனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் நிகழ்ச்சி, விடுமுறை வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா எழுந்து வந்து என் தோளைப் பிடித்து, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றார். வீட்டில் சொன்னபோது அப்பாவும் மகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் இல்லத்துச் சலவைப் பிரிவில் ஒக்ஸானா வேலை செய்கிறாள். உக்ரைன்காரி. அங்கே பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தவள். அவள் கணவன் ஒரு நாடக அரங்கின் இசைக்குழுவில் ட்ரொம்போன் வாசித்தவன். இப்போது போர்முனையில் இருக்கிறான். அவள் ஊருக்கு விமானத் தாக்குதல் எச்சரிக்கை வந்தால் இங்கே அவள் போன் ஊளையிடும். அவள் அதை அணைத்துவிட்டு, மீதித் துணியை மடிப்பாள்.

ரூபனிடம் நீ ஒரு வார்த்தை பேசு என்று அவளைக் கேட்டேன். அவள் சொன்னால் கேட்பான் என்று நம்பினேன். ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனையை அவளும் இரண்டு முனையை நானும் பிடித்திருந்தோம்.

"என்ன பேசச் சொல்கிறாய்?" என்றாள். "எங்கள் ஊருக்கு அப்படி ஒரு பையன் வந்தால் வராதே என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஸ்டெல்லா. அவன் வந்தால் என் புருஷனுக்கு ஒரு நாள் தூக்கம் கிடைக்கும்."

"அவன் வாசிக்கத்தானே ஆசைப்படுகிறான்?"

"இவரும் வாசிக்கத்தான் ஆசைப்பட்டார்."

விரிப்பை மடித்து அடுக்கினோம். எனக்கு மிச்சம் இருந்தது என் அண்ணன் ஒருவர்தான்.

3

அண்ணன் பெயர் சவரிமுத்து. வடக்கனந்தலில் எல்லோருக்கும் 'மிலிட்டரி'. கோயில் பேண்டில் ட்ரம்பெட் ஊதிக்கொண்டிருந்தவர், விழுப்புரத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது அதைச் சொல்லியே சேர்ந்தார். படையணியின் பேண்டில் ஓய்வு பெறும்வரை இருந்தார். வடக்கே மலை உச்சிகளில் சண்டை நடந்தபோது அவரும் அங்கே இருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அங்கே என்ன செய்தார் என்று தெரியாது. ஓய்வு பெற்று வந்த பிறகு மரவள்ளி போடுகிறார், மக்காச்சோளம் போடுகிறார். திருவிழாவுக்கு ஊதச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டும் வாத்தியத்தைத் தொடவில்லை. பல் போய்விட்டது என்று காரணம் சொல்வார். பல்லெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

ரூபனைப் பற்றிய சேதியை நான்தான் அண்ணனுக்குப் போனில் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"இருக்கிறேம்மா" என்றார். "கிறிஸ்மஸுக்கு அவன இங்க இட்டுக்கினு வா. நான் பேசிக்கிறேன்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் போட்டேன். மாமா பார்த்ததைச் சொல்வார், பையன் பயப்படுவான், பயந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

4

கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் காலையில் அண்ணன் எங்களைக் காரில் ஏற்றினார். ஜெயராஜுக்கு விடுமுறை கிடைக்காததால் நானும் ரூபனும்தான் வந்திருந்தோம். ரூபன் ட்ரம்பெட் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டான். தேர்வு நெருங்குகிறது, ஒரு நாள்கூட வாசிக்காமல் இருக்கக்கூடாதாம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். அருவிக்குக் கூட்டிப் போகிறார் என்று நினைத்திருந்தேன். கரியாலூரில் சுற்றுலா வண்டிகள் வரிசையாக நின்றன. அண்ணன் அங்கே நிறுத்தவில்லை. இன்னும் உள்ளே போய், சாமை அறுத்த ஒரு கொல்லையின் ஓரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீட்டு முன்னால் நிறுத்தினார்.

என் வயதுப் பெண் ஒருத்தி வெளியே வந்தாள். "வாங்கண்ணே. கிறிஸ்மஸ் ஆயிடுச்சே, இன்னும் காணோமேன்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். அண்ணன் ஒவ்வொரு வருடமும் இங்கே வருகிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் பெயர் சின்னப்பொண்ணு. உள்ளே சுவரில் அவள் கணவன் அண்ணாமலையின் படம். சீருடையில், மார்பில் பெரிய டிரம்மோடு நிற்கிறார். சிரிக்கக்கூடாது என்று யாரோ சொல்லியும் சிரித்துவிட்ட முகம். மலையில் கோயில் திருவிழாவுக்கு மேளம் அடித்தவர். அண்ணனோடு ஒரே நாளில் ஆளெடுப்பில் சேர்ந்து, ஒரே பேண்டில் இருந்தவர்.

அவள் கிழங்கு வேகவைக்க உள்ளே போனதும், வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து அண்ணன் பேசத் தொடங்கினார். அவர் பேசும் வேகத்துக்கு ரூபனுக்குத் தமிழ் புரியாது. ஒவ்வொரு வாக்கியமாக நான்தான் ஜெர்மனில் சொல்ல வேண்டியிருந்தது.

"சண்ட ஆரம்பிச்ச ஒடனே மொதல்ல இன்னா பண்ணாங்க தெரியுமா மாப்ளே? எங்க கையில இருந்த வாத்தியத்தையெல்லாம் வாங்கி பொட்டில போட்டு பூட்டிட்டாங்க. ஸ்ட்ரெச்சர் குடுத்தாங்க. அடிபட்டவங்கள தூக்கறதுதான் பேண்டு ஆளுங்களுக்கு டூட்டி. சேரும்போதே சொல்வாங்க. யார் காதுல விழுது?"

சொன்னேன்.

"மேல ஏறும்போது வெறும் ஸ்ட்ரெச்சர். எறங்கச்சொல்ல அதுல ஆளு. ஒரே கல்லு, பனி. முன்னாடி அண்ணாமல, பின்னாடி நானு. ரெண்டு பேர் காலும் ஒன்னா விழுந்தாத்தான் ஸ்ட்ரெச்சர் ஆடாது. ஆடுச்சுன்னா படுத்திருக்கிறவன் வலில கத்துவான். அதனால அண்ணாமல வாயாலயே டிரம்மு அடிச்சிக்கினு எறங்குவான். டும், டும்னு. எங்க பேண்டுல அடிக்கிற அதே நடை. நான் அவன் முதுகப் பாத்துக்கினு அந்தத் தாளத்துக்குக் கால வெப்பேன்."

அதையும் சொன்னேன். ரூபன் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு ஒரு பஞ்சாப் பையன். தொடையில குண்டு. பாதி வழி எறங்கிட்டோம். சுத்தி சத்தம் கேட்டுக்கினேதான் இருந்துது, அதுல எது எங்க விழுதுன்னு தெரியாது. திடீர்னு டும் டும் நின்னுபோச்சு. இன்னாடா நிறுத்திட்டான்னு தல தூக்கிப் பாக்கறேன். நின்னாப்புல நின்னு, அப்படியே முட்டி போட்டான். ஸ்ட்ரெச்சரக் கீழ வெச்சிட்டுத்தான் சாஞ்சான். போடல. வெச்சான்."

அவர் நிறுத்தினார். தாய்மொழியில் கேட்கும்போது தாங்கிக்கொண்டதை வேறு மொழியில் சொல்லும்போது தாங்க முடியவில்லை. அங்கே நான் வெறும் வினைச்சொல்லைத் தேடினேன். வைத்தான், சாய்ந்தான். தேடிப் பிடித்துச் சொல்லி முடித்தேன்.

"அந்தப் பையன்?" என்று ரூபன் கேட்டான்.

"பொழச்சிக்கினான். எங்கியோ லாரி வெச்சிருக்கிறானாம்."

பிறகு அண்ணாமலையின் உடலோடு அண்ணனைத்தான் ஊருக்கு அனுப்பினார்கள். பூட்டிய பெட்டியைத் திறந்து ட்ரம்பெட்டை எடுத்துக் கொடுத்தார்கள். இதே கொல்லையின் மேட்டில் அண்ணாமலையைப் புதைத்தபோது அண்ணன்தான் ஊதினார். சின்னப்பொண்ணு அப்போது கல்யாணமாகி வந்து அதிக நாள் ஆகாதவள்.

முடித்துவிட்டு அண்ணன் ரூபனின் தோளைப் பிடித்தார். "இதத்தான் சொல்லணும்னு இட்டாந்தேன். அங்க பேண்டுன்னு தனியா ஒன்னும் கெடயாது மாப்ளே. புரியுதா?"

ரூபனின் கண் கலங்கியிருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவன் என்னைப் பார்க்காமல், தன் தட்டுத்தடுமாறும் தமிழில் நேராக அண்ணனிடம் கேட்டான்:

"மாமா, நீங்க அன்னைக்கு ஊதினது... என்ன டியூன்?"

எல்லாம் கைமீறிவிட்டது என்று அந்தக் கேள்வியில் எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பிள்ளை தமிழில் கேட்கிறான், கண்ணில் நீரோடு கேட்கிறான். அவர் மெதுவாக முனகிக் காட்டினார். ரூபன் பெட்டியைத் திறந்தான். நான் "வேண்டாம்டா" என்றேன். அவன் எழுந்து நின்று, மேட்டைப் பார்த்துத் திரும்பி, வாசித்தான்.

நன்றாக வாசித்தான். அதுதான் கொடுமை. நவம்பர் பனியில் வாசித்ததைவிடப் பல மடங்கு நன்றாக வாசித்தான். எதிர்ச்சரிவில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். சின்னப்பொண்ணு கையில் கிழங்குத் தட்டோடு வாசலுக்கு வந்தவள் அப்படியே நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடியும்வரை அசையவில்லை.

பிறகு வந்து தட்டைக் கல்மேல் வைத்தாள். "அன்னிக்கு ஒரு தபா கேட்டேன். இன்னிக்கு ஒரு தபா. போதும் சாமி" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "புள்ள இன்னா படிக்குதுக்கா?"

நான் சொல்வதற்குள் அண்ணன் சொல்லிவிட்டார், ராணுவ பேண்டுக்குப் போகிறான் என்று.

அவள் ரூபனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "டிரம்மு அடிக்கத்தானே போறேன், எதுக்கு அழுவறன்னு கேட்டுட்டுத்தான் அதுவும் போச்சு" என்றாள். பிறகு, "சூடு ஆறங்காட்டியும் சாப்பிடுங்க" என்றாள். அதை நான் ரூபனுக்கு மொழிபெயர்த்தேன், ஒரு சொல் விடாமல். அவன் தலையாட்டினான். கிழங்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

மலை இறங்கும்போது அவன் பின்சீட்டில் இருந்து ஜெர்மனில் சொன்னான்: "அம்மா, அவங்க அழுதாங்க. பார்த்தீங்களா? நான் வாசிச்சது அவங்களுக்குள்ள போயிருக்கு."

அண்ணனுக்கு நான் அதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கொண்டை ஊசி வளைவெல்லாம் தாண்டி அடிவாரத்து அணை கண்ணில் பட்ட பிறகுதான் பேசினார்.

"நான் வாயே தொறந்திருக்கக்கூடாதும்மா. அது நடக்கும்போது நாத்தம், பீ, ரத்தம். சொல்லச் சொல்ல அது எப்படியோ அழகாப் பூடுது. அவனுக்கு அந்த அழகுதான் போயி சேந்துது."

"சமாதானம் ஆனப்புறம் சந்தோஷமா வாசிச்சிருப்பீங்க இல்லண்ணே?" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"வாசிச்சோம். பார்டர்ல பண்டிகைக்கு அவங்க நமக்கு ஸ்வீட்டு குடுப்பாங்க, நாம அவங்களுக்கு. இந்தப் பக்கம் ஒரு பேண்டு, அந்தப் பக்கம் ஒரு பேண்டு. நாங்க சினிமாப் பாட்டு போட்டா அவங்க ஆளுங்க தலைய ஆட்டுவாங்க. எனக்குக்கூட ஒரு நெனப்பு, இவ்ளோ ஆட்டுறவன் எப்படிச் சுடுவான்னு. கொஞ்ச நாள்ல சுட்டான். நம்மாளும் சுட்டான். வாத்தியம் மறுபடி பொட்டிக்குப் போச்சு." கியரை மாற்றினார். "ஊதுறவனுக்கு இதுல ஒன்னும் கெடயாதும்மா. ஊதுன்னா ஊதணும், தூக்குன்னா தூக்கணும்."

5

தேர்வில் ரூபன் தேறிவிட்டான். பெற்றோர்களை ஒரு நாள் அழைத்திருந்தார்கள். காப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். ஓர் அதிகாரி, நல்ல மனிதர், பேண்டு போய் வந்த நாடுகளின் படங்களைக் காட்டினார். கடைசியில் போகிற போக்கில் சொன்னார்: "அவசர காலத்தில் நம் இசைக்கலைஞர்கள் மருத்துவப் பிரிவுக்கு உதவியாக இருப்பார்கள்."

ஜெயராஜ் என் காதருகில், "பாத்தியா? ஆஸ்பத்திரி வேலைதான்" என்றார். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கையைத் தூக்கி அதிகாரியிடம் கேட்டேன், "தூக்குவார்களா?" என்று. என் ஜெர்மன் அவருக்குப் புரியவில்லையோ என்று கையால் செய்தும் காட்டினேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் புன்னகைத்தார். "அதற்கெல்லாம் இப்போது வண்டிகள் இருக்கின்றன, அம்மா. பெரும்பாலும்."

ரூபன் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "எனக்குத் தெரியும்மா. அதான் மாமா சொன்னாரே."

தெரியாமல் போகிறவனைத் தடுக்கலாம் என்றுதான் இத்தனை தூரம் இட்டுப் போனேன். தெரிந்துகொண்டு போகிறவனிடம் சொல்ல என்னிடம் வேறு என்ன இருக்கிறது? அன்று இரவு அண்ணனுக்குப் போன் செய்தேன். "சரிம்மா" என்றார். "போட்டோ கீட்டோ அனுப்பாத." வைத்துவிட்டார்.

போன வாரம் உறுதிமொழி எடுப்பு. எங்களுக்குப் பக்கத்து நகரத்தின் சந்தைத் திடலில், எல்லோரும் பார்க்க நடத்தினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். முதலில் பயிற்சி, பிறகுதான் பேண்டு என்பதால் ரூபனும் அந்த வரிசையில் வெறும் கையோடு நின்றான். முடியை ஒட்ட வெட்டியதில் காது இரண்டும் துருத்திக்கொண்டு தெரிந்தது. சின்ன வயதில் அப்படித்தான் இருப்பான்.

ஒக்ஸானா விடுமுறை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்திருந்தாள். திடலுக்கு வெளியே கொஞ்சம் பேர் போர் வேண்டாம் என்று எழுதிய பதாகையோடு நின்று ஏதோ பாடினார்கள். அவர்களும் நன்றாகத்தான் பாடினார்கள். பேண்டு வந்ததும் அவர்கள் சத்தம் கேட்கவில்லை.

டிரம் முதலில் வந்தது. பிறகு பித்தளை வாத்தியமெல்லாம் வெயிலில் ஒன்றாக எழுந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை அப்பாவின் தோளில் உட்கார்ந்து கைதட்டியது. ஜெயராஜ் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அண்ணாமலையின் முட்டி, அந்த ஸ்ட்ரெச்சர், சின்னப்பொண்ணு பிடித்திருந்த நிலைக்கால், எல்லாம் கண்முன் வந்தன. ஒன்றையும் நான் மறக்கவில்லை. இதை நான் வெறுக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு நின்றேன்.

ஒக்ஸானா என் கையைத் தொட்டு, கண்ணால் கீழே காட்டினாள். குனிந்து பார்த்தேன். என் வலது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அடுத்த மெட்டில் ட்ரம்பெட்டுகள் சேர்ந்துகொண்டன. கால் மறுபடியும் ஆடத் தொடங்கியது.